ஐஸ் பேக்டரிக்குச் செய்த மஞ்சள் மணிகள்

அந்த அம்மாள் எங்களிடம் முதலில் வந்தது டிரான்ஸ்பார்மருக்கு சிலிக்கா ஜெல் வாங்கத்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. கீழே இரும்பு சீவும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். பழகிவிட்டதால், அது நின்றால்தான் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்போம். புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதைத்தான் பெரும்பாலும் செய்கிறோம். டிரான்ஸ்பார்மரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குப்பி தொங்கும். அதற்குள் இருக்கும் ஆரஞ்சு மணிகளும் எங்கள் சரக்குதான். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அவை பச்சையாகும். பச்சையானால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

பொட்டலம் கட்டும் மேசைகளுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் ஒன்று. அதற்கு அப்பால் இருக்கும் சின்ன அறைக்கு ஆய்வகம் என்று பெயர். அங்கே நானும், ஆவடியிலிருந்து வரும் அக்காவும். அக்கா ஒரு பெயின்ட் கம்பெனியின் தரச்சோதனைப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற தாழ்ந்த பெண்குரலில் பாடுவார். மற்ற நாட்களில் குடுவை கழுவும்போது பாடுவார்.

நான் விருதுநகர்ப் பக்கம். சிலிக்காவின் மேற்பரப்பில் வேதிப்பொருள்களை ஒட்டவைப்பதுதான் என் ஆராய்ச்சிப் படிப்பு. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், கணவரின் ஐ.டி. வேலைக்காகச் சென்னை, பிறகு மகள். மேனாம்பேட்டில் ஒரு ஃபிளாட்டில் சில வருஷங்கள் வீட்டோடு இருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வேலையில் சேர்ந்தேன். படித்ததற்கும் பொட்டலத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை. சாயங்காலம் மகள் வேன் வருவதற்குள் வீட்டில் இருக்கலாம், அது போதும் என்றிருந்தேன்.

அந்த அம்மாள் வந்த நாள் ஐப்பசி மழை பிடித்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் சொட்டும் குடை. பூந்தமல்லியைத் தாண்டி குத்தம்பாக்கம் போகும் வழியில் அவர்களுக்கு ஒரு ஐஸ் பேக்டரி இருந்தது. மணிகளை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பவில்லை. குப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஈரம் பட்டா இது கலர் மாறுது இல்ல? அந்த மாதிரி கேஸ் பட்டா மாறுற மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா?"

"என்ன கேஸ்?"

"அமோனியா. ஐஸ் மெஷின்ல ஓடுறது அதானே."

நான் சிரித்தேன். "அமோனியாவுக்கு எதுக்கும்மா கலர்? கொஞ்சம் கசிஞ்சாலே மூக்கு சொல்லிடுமே."

அவர் சிரிக்கவில்லை. குடையை மடக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு, எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு வாசனையே தெரியல மேடம். அந்த காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து. எல்லாருக்கும் ஒரு மாசத்துல திரும்பிச்சு, இவருக்கு வரவே இல்ல."

பேக்டரியில் காலையில் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடப்பது அவருடைய கணவரின் வழக்கம். ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் குனிந்து முகர்ந்து பார்ப்பார். எங்காவது லேசாகக் குத்தினால் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் காட்டுவார். கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். மூக்கு போன பிறகு அந்த நடையை இந்த அம்மாள்தான் அவரோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தார். எலக்ட்ரானிக் அலாரம் ஒன்று வாங்கி மாட்டினார்களாம். உப்புத்தண்ணீரும் ஈரமும் நிறைந்த இடம். அது காரணமில்லாமல் கத்திக் கத்தி, கடைசியில் யாரோ அதன் வாயை அடைத்துவிட்டார்கள். வேலை செய்யும் ஆட்களை நம்பலாம் என்றால், நாளெல்லாம் அங்கேயே கிடப்பவர்களுக்குக் கொஞ்ச வாசனை தெரியாமல் மரத்துப்போயிருந்தது.

"கிறிஸ்மஸ் முடிஞ்சதும் நான் திருச்சிக்குப் போணும். பொண்ணுக்கு மொதப் பிரசவம். மூணு மாசமாவது அவகூட இருக்கணும்" என்றார். "என் மூக்கை மட்டும் கழட்டி இவர்கிட்ட குடுத்துட்டுப் போக முடியுமா, சொல்லுங்க?"

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவர் கேட்டுப் போனது நான் படித்த படிப்பையே அல்லவா?

முதலாளியிடம் சொன்னபோது, "வழக்கமான வேலை கெடாம பண்ணுங்க" என்றார். அடுத்த சனிக்கிழமை நானும் அக்காவும் என் ஸ்கூட்டரில் பூந்தமல்லிக்குப் போனோம். மெட்ரோ தூண்களுக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்கிப் பஸ்ஸெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஐஸ் பேக்டரி எனக்குப் பிடித்துவிட்டது. தரைக்குக் கீழே பெரிய உப்புநீர்த் தொட்டி, அதன்மேல் வரிசையாக மரப்பலகை மூடிகள். பலகையைத் தூக்கினால் உள்ளே தகர டப்பாக்களில் தண்ணீர் உறைந்துகொண்டிருக்கும். வெளியே புழுக்கம்; உள்ளே சுற்றிவிட்டு வாசலுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியில் பனி படிந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது அந்த அம்மாளின் கணவர் முன்னால் நின்றிருந்தார். தடித்த உடம்பு, நரைத்த மீசை, ரப்பர் பூட்ஸ்.

"வாங்கோ மேடம். ஊட்ல சொல்லிகினே இருந்தாங்க. மூக்கு சுத்தமா பூட்ச்சி. கருவாடு வறுத்தாலும் ஒண்ணுதான், ஊதுவத்தி கொளுத்தினாலும் ஒண்ணுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்து மெஷினைக் காட்டும்போது குரல் இறங்கிவிட்டது. "இதுங்க கூட இருபத்தஞ்சு வருசமா கீறேன். இப்ப கிட்ட வரவே பயமா கீது. எது இன்னா பண்ணுதுனு தெர்லயே."

வால்வுகளை எல்லாம் எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தோம்.

முதல் முயற்சி எளிதாகவே முடிந்தது. அமிலம் உள்ள இடத்தில் மஞ்சளாகவும், அமோனியா பட்டால் நீலமாகவும் மாறும் ஒரு சாயம் உண்டு. வெள்ளைச் சிலிக்கா மணிகளை அந்தச் சாயக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தோம். மஞ்சள் பாசிமணி மாதிரி அழகாக இருந்தன. அமோனியா பாட்டிலின் மூடியை லேசாகத் திறந்து பக்கத்தில் காட்டியதும் நீலமாயின. ஜன்னலோரம் வைத்தால் மெல்ல மஞ்சளுக்குத் திரும்பின. ஒளி ஊடுருவும் சின்னக் குழாய்களில் போட்டு, இரண்டு முனையிலும் நைலான் வலை கட்டிக் கொண்டுபோய் மாட்டினோம்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை, அந்த அம்மாளின் கணவர் போன் செய்தார். "மேடம், உங்க மணி அழுவுது."

போய்ப் பார்த்தால் உண்மைதான். குழாய்களின் மேல் பனி படிந்து, உள்ளே ஈரம் இறங்கி, சாயம் கரைந்து மஞ்சள் மஞ்சளாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மணிகள் வெளிறிப்போயிருந்தன.

அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மா பூசினா நிக்காதும்மா. பெயின்டும் அப்படித்தான். புடிச்சிக்கணும்."

பிடித்துக்கொள்ள வைப்பதற்கு எனக்கு வழி தெரியும். சிலிக்கா மணி வெளியிலிருந்து பார்க்கத்தான் உருண்டை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அந்தச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு ஸ்பூன் மணிக்கே எங்கள் ஃபிளாட்டின் தரை பத்தாது. அந்தச் சுவர் முழுக்க நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன. தண்ணீரை அவைதான் இழுத்துப் பிடிக்கும். சிலேன் என்று ஒரு வகைப் பொருள் உண்டு. அதன் ஒரு முனை இந்தக் கொக்கியோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். மறு முனையில் நமக்கு வேண்டியதைக் கட்டலாம். நான் சாயத்தைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

சொல்வதற்கு அவ்வளவுதான். சிலேனுக்கு ஈரமே ஆகாது. ஈரக்காற்று பட்டால் மணியை விட்டுவிட்டுத் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். எங்களுக்கோ மழைக்காலம். முதல் குடுவையில் உப்புமா மாதிரி ஒரு கட்டிதான் கிடைத்தது. அக்கா அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார், கரண்டிதான் வளைந்தது. அப்புறம் மணிகளை ஓவனில் முந்தின நாளே போட்டு முறுக வறட்டினோம். கரைப்பானையும் ஈரம் நீக்கி எடுத்தோம். குடுவையின் வாயில் எங்கள் கம்பெனியின் ஆரஞ்சு மணிகளையே ஒரு குழாயில் அடைத்து மாட்டினோம், உள்ளே போகும் காற்று வறண்டு போகட்டும் என்று. அக்கா ஒவ்வொரு முறையும் குடுவைக்குள் பார்த்து, "புடிச்சிக்கினியா?" என்று மணிகளிடமே கேட்பார்.

பிடித்துக்கொண்டது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, ஒரு சொட்டு மஞ்சள் இறங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் மகளிடம் ஒரு மணியைக் காட்டினேன். "சாப்பிடலாமா?" என்று கேட்டாள். கூடாது என்றதும் அதில் அவளுக்கு அக்கறை போய்விட்டது. கணவர்தான் விளக்குக்கு அடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப நாளைக்கப்புறம் நீ இப்படிப் பேசிக் கேக்குறேன்" என்றார்.

ஆனால் ஐஸ் பேக்டரியில் அதுவும் சரிவரவில்லை. சாயம் சொட்டவில்லை, ஆனால் ஒரு வாரத்தில் எல்லாக் குழாய்களும் ஒரு கலங்கிய பச்சைக்குப் போயின. மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை.

"இன்னா மேடம், இது கேஸா, கேஸ் இல்லியா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கண்ணால் பார்த்துப் பயப்பட வேண்டியவருக்குச் சந்தேகமான நிறத்தைக் கொடுத்தால் என்ன பயன்? அந்த அம்மாள் காபி கொடுத்தார். வாசலில் ஸ்டார் கட்டுவதற்கு மூங்கில் குச்சிகள் வந்து கிடந்தன. மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் அக்காவிடமிருந்து ஒரு பாட்டும் இல்லை. திருவேற்காடு தாண்டியதும் எனக்குப் பிடிபட்டது. சாயம் பிடிக்காமல் சும்மா விட்டுப்போன கொக்கிகள் துளைக்குள் இன்னும் எவ்வளவோ இருந்தன. அவை தம் பழைய வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஐஸ் பேக்டரியின் ஈரத்தையெல்லாம் உள்ளே இழுத்துச் சாயத்தைக் குழப்பின. அந்த மிச்சக் கொக்கிகளுக்கு மூடி போட வேண்டும். மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே வராது, தாமரை இலைத் தண்ணீர்போல மேலேயே நிற்கும்; வாயு மட்டும் போய்வரும். படிக்கும் காலத்தில் இந்த வேலையை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். வண்டியை ஓரம்கட்டி அக்காவிடம் சொன்னேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அப்ப வண்டிய எடு, இன்னாத்துக்கு நின்னுகினு கீற" என்றார்.

மூடி போடுகிற அந்தத் திரவத்தின் பெயரை முழுதாகச் சொன்னால் மூச்சு வாங்கும். அதை வரவழைக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஒரு புதன்கிழமை காலையில் மஞ்சள் மணிகளைக் குடுவையில் போட்டு, அந்தத் திரவத்தை ஊற்றி, மூடி, லேசான சூட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அக்கா அன்று வஞ்சிரக் குழம்பு கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், குடுவைக்குள் மணிகள் அத்தனையும் அடர்நீலம்.

"ஐயய்யோ, இன்னாமா இது? மொத்தமும் நீலமா பூட்ச்சே!"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "போச்சுக்கா. சாயத்தையே அது தின்னுடுச்சு போல." இன்னொரு தொகுதி செய்ய நாள் இருக்கிறதா என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். இல்லை. கிறிஸ்மஸுக்குள் முடியாது.

சரி, கழுவி வைப்போம் என்று எழுந்து, சூட்டை நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைத் திறந்தேன். சுரீரென்று மூக்கில் குத்தியது. இரண்டு பேரும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டோம். கண்ணில் தண்ணீர்.

"அக்கா, இது என்ன வாசனை?"

"ஐஸ் பேக்டரி வாசனை" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தத் திரவம் கொக்கிக்கு மூடி போடும்போது தன்னிடமிருந்து ஒன்றை வெளியே விடும். அது அமோனியா. பரீட்சைத் தாளில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! மூடிய குடுவைக்குள் அமோனியா. அதில் அமோனியாவைக் கண்டால் நீலமாகும் மணிகள். அவை வேறென்ன செய்யும்? கெட்டுப்போகவே இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தன.

நான்தான் முதலில் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பொட்டலம் கட்டும் பெண்கள் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். மணிகளைக் கழுவி ஓவனில் பரப்பிவைத்தோம். நீலம் ஓரத்திலிருந்து கலைய ஆரம்பித்தது. மகளின் வேன் வரும் நேரம் ஆகிவிட்டது. பக்கத்து ஃபிளாட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போன் செய்துவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். வெளியே இருட்டுவதற்குள் தட்டு முழுக்க மஞ்சள். ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டோம். அது மணிகளை நனைக்காமல் உருண்டு ஓடியது.

மறுநாளே கொண்டுபோய் மாட்டினோம். வால்வுக்கு ஒரு குழாய். இரும்புக் கம்பியால் பேக்டரிக்காரரே கட்டினார். ஒரு வாரம் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகார் ஒன்றும் வரவில்லை. மஞ்சள், மஞ்சள் என்று அந்த அம்மாள் மட்டும் தினம் சொல்லி அனுப்பினார்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் ஒரு காலையில், பால் பொங்கும் நேரத்தில், அவர் கணவர் கூப்பிட்டார். "மேடம், ஒண்ணு மட்டும் நீலமா மாறிகினு கீது. மத்ததெல்லாம் மஞ்சளாத்தான் கீது."

அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். போகும் வழியில் அக்காவையும் ஏற்றிக்கொண்டேன். கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குப் பின்னால், சுவரை ஒட்டித் தாழ்வாக இருந்த ஒரு வால்வு. அந்தக் குழாயின் மணிகள் கீழ்ப்பாதி நீலமாகியிருந்தன. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அந்த அம்மாளும் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலையே" என்றார். கண்டென்சர் விசிறியின் காற்று கசிந்த கேஸைப் பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் கணவர் கந்தகக் குச்சியைக் கொளுத்தி வால்வுத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மெல்லிசாக, நூல் மாதிரி, வெள்ளைப் புகை எழுந்தது.

அவர் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு, கேஸ் ஓடும் அந்த லைனை அடைத்தார். மெக்கானிக் வந்து, வால்வில் கசிவை அடைக்கும் பேக்கிங்கை மாற்ற மதியம் ஆகிவிட்டது. உள்ளே இருந்தது நைந்து நாராகிப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும் என்றார் மெக்கானிக்.

வேலை முடிந்து மெஷினை ஓடவிட்ட பிறகு நாங்கள் நாலு பேரும் அந்தக் குழாய்க்கு முன்னால் நின்றோம். நீலம் இறங்கி இறங்கி, கடைசியில் ஒரே ஒரு மணி மட்டும் நீலமாக இருந்தது. பிறகு அதுவும் மஞ்சளாயிற்று. அவர் ஒரு ஐஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேஸு மேடம். எரியுது."

"கேஸெல்லாம் அப்பவே போயிடுச்சு" என்றார் அவர் மனைவி. சொல்லிவிட்டு அவர் தோளில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்களைப் பார்த்து, "அப்ப நான் திருச்சிக்கு டிக்கெட் போட்டுரலாம்" என்றார்.

தை பிறந்து சில நாட்களில் பேரன் பிறந்தான். அந்த மூன்று மாதமும் பேக்டரிக்காரர் தனியாகத்தான் மெஷினைச் சுற்றி நடந்தார். முன்பு முகர்ந்துகொண்டே நடந்தவர் இப்போது பார்த்துக்கொண்டே நடந்தார். காலையில் வீடியோ காலில் மனைவிக்கு ஒவ்வொரு குழாயையும் காட்டுவாராம்; பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குழந்தையைக் காட்டுவார்களாம். மாதம் ஒருமுறை நாங்கள் மணிகளை மாற்றப் போவோம். முதலாளி இப்போது இதையும் ஒரு சரக்காகச் சேர்த்துவிட்டார். வேறு இரண்டு ஐஸ் பேக்டரிகளிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

அவர்கள் மகளும் பேரனும் ஊருக்கு வந்தபோது எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பூந்தமல்லியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவர் பாயில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். குனிந்து அதன் உச்சந்தலையை முகர்ந்தார்.

"இன்னா வாசனை வருது?" என்று மனைவியைக் கேட்டார்.

அந்த அம்மாள் சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மண்டியிட்டு, பேரனை முகர்ந்தார். "பாலும் பவுடரும். கொஞ்சம் வேர்வை."

"நம்ம பொண்ணு மாதிரியே?"

"அதே மாதிரிதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குழந்தையை என் மகளிடம் காட்டி, "தூக்குறியா?" என்றார். அவள் பாயில் சம்மணம் போட்டு, இரண்டு கையையும் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்காவைப் பாடச் சொன்னார்கள். அவர் ஒரு தாலாட்டுக் கீர்த்தனையை மெதுவாக ஆரம்பித்தார். சமையற்கட்டில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. பேரன் என் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். விரலை எடுத்தால் எழுந்துவிடுவானோ என்று பயந்து, இலை போட்டுக் கூப்பிடும்வரை அவள் அசையவே இல்லை.